வீட்டுக்கு வீடு ஒல்லாந்துக்காரன்

அந்த மனுஷருக்கு 'இல்லை' என்ற ஒரு வார்த்தை மட்டும் வாயில் வராது. கடை வாசலில் யார் வந்து நின்று எதைக் கேட்டாலும் "இருக்கு, ஒக்காருங்க" என்பார். அது நிஜமாகவே இருக்கிறதா என்கிற யோசனை அவருக்கு அப்புறம்தான் வரும்.

ஆம்பூர் பஜாரில் படங்களுக்குக் கண்ணாடி போட்டுச் சட்டம் அடிக்கிற கடை அவருடையது. பக்கத்தில் என் தையல் கடை. நடுவில் ஒரே ஒரு பலகைத் தடுப்புதான். நான் மெஷினை வேகமாக மிதித்தால் அந்தப் பக்கம் முருகரும் மேரி மாதாவும் சேர்ந்து ஆடுவார்கள். அவர் ஆணி அடித்தால் இங்கே என் நூல் அறுந்துபோகும். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். எழுபதுகளில் ஆரம்பித்து பத்துப் பன்னிரண்டு வருஷம் அப்படிப் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தோம். அந்த ஆள் மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. பாசமும் தீரவில்லை, அதுதான் தொல்லை.

ஒருதரம் ஒருத்தர் வந்து முட்டை வடிவத்தில் சட்டம் கிடைக்குமா என்று கேட்டார். இவர் ஜென்மத்தில் அப்படி ஒன்றைச் செய்ததில்லை. "இருக்கு, வெள்ளிக்கிழமை வாங்க" என்று அனுப்பிவிட்டு, கட்டையை வளைக்கிறேன் பேர்வழி என்று தண்ணீரில் ஊறப்போட்டு, நெருப்பில் காட்டி, கையையும் சுட்டுக்கொண்டார்.

"இல்லைன்னு சொன்னா இன்னாண்ணா? அந்த ஆளு வேலூர் போய் வாங்கிக்குவாரு. இதுக்கா இவ்ளோ பேஜாரு?" என்று கத்தினேன்.

"வாசப்படி ஏறி வந்துட்டாரேம்மா. வெறுங்கையோட எறங்கிப் போற முதுகை என்னால பாக்க முடியாது" என்றார்.

வழி கேட்டால்கூட அப்படித்தான். தெரியாத டாக்டர் வீட்டுக்கு மரியாதையாக இடது பக்கம் கை காட்டுவார். போனவன் சுற்றிவிட்டு வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்து கேட்டால், அதே மரியாதையோடு வலது பக்கம் காட்டுவார். தெரியாது என்று சொல்லித் தொலைக்க மாட்டார். இதையெல்லாம் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம். சிரித்தது தப்பென்று அப்போது யாருக்குத் தெரியும்?

அந்தக் கடைக்கு ஒல்லாந்துக்காரன் வந்தது இப்படி. தோல் பதனிடுகிற ஏதோ ஒரு டேனரியின் மேனேஜர், வருஷம் முடிந்துபோன காலண்டர் ஒன்றைக் கொண்டுவந்து, தேதியைக் கிழித்துவிட்டுப் படத்துக்கு மட்டும் கண்ணாடி போடச் சொன்னார். தோலுக்குச் சாயம் விற்கிற ஹாலந்து கம்பெனிக்காரன் இனாமாகக் கொடுத்த காலண்டர். மேனேஜர் வேலையை விட்டுப் போய்விட்டார். படத்தை வாங்க யாரும் வரவே இல்லை. அண்ணா அதைக் கல்லாப் பெட்டிக்கு மேலே மாட்டிவிட்டார்.

படத்தில் ஒரு வெள்ளைக்காரன். பெரிய கறுப்புத் தொப்பி, கறுப்பு அங்கி. கழுத்தைச் சுற்றி வெள்ளையாய், மடிப்பு மடிப்பாய் ஒரு வட்டத் துணி. தலையை வெட்டித் தட்டில் வைத்த மாதிரி இருக்கும். மெல்லிய மீசை, சிவந்த கன்னம். சிரிக்கப் போகிறானா, 'அப்புறம் வா' என்று விரட்டப் போகிறானா என்று தெரியாத ஒரு உதடு. கடையில் எந்த மூலையில் நின்றாலும் நம்மையே பார்ப்பான். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டுதான் உள்ளே போவேன்.

பஜாரே வந்து பார்த்தது. டீக்கடைக்காரர், "இன்னாண்ணே, இடியாப்பத்த கழுத்துல மாட்டிக்கினு நிக்கிறான்?" என்றார். "வேலூர் ஆஸ்பத்திரியில கழுத்துக்குப் பட்டை போட்டு அனுப்பியிருப்பாங்க, பாவம்" என்றாள் பூக்காரி. தோல் துண்டு வியாபாரம் செய்கிற பாய் ஒருத்தர் இடுப்பில் கைவைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "சரக்கு பூரா ரிஜெக்ட்னு சொல்ல வந்த வெளிநாட்டு பையர் மாதிரியே பாக்கறான் பாரு, படுபாவி" என்றார். எனக்கு வேறு கவலை. அந்தக் கழுத்துத் துணிக்கு எவள் உட்கார்ந்து மடிப்பு எடுத்தாள், எவள் தினம் தினம் கஞ்சி போட்டு இஸ்திரி தேய்த்தாள்?

சாயங்காலம் பேப்பர் படிக்க வருகிற ரிட்டயர்டு சரித்திர வாத்தியார் ஒருவர் இருந்தார். அவர்தான், "இவன் இங்கிலீஷ்காரன் இல்லய்யா, ஒல்லாந்துக்காரன். ஹாலந்துன்னு சொல்றோமே, அந்த நாடு. முந்நூறு முந்நூத்தம்பது வருஷத்துக்கு முந்தின பெரிய மனுஷன். இங்கிலீஷ்காரன் மெட்ராசுக்கு வர்றதுக்கு முன்னாலயே இவனுங்க பழவேற்காட்டுல கோட்டை கட்டி, நம்ம பக்கத்துத் துணிய கப்பல் கப்பலா ஏத்தினானுங்க" என்றார்.

"தோலுமா?"

"தோலு இப்ப ஏத்தறான்."

எல்லாரும் சிரித்தார்கள். அன்று முதல் அவன் பெயர் ஒல்லாந்துக்காரன் ஆனது.

கொஞ்ச நாளில் குடியாத்தத்திலிருந்து ஒரு தறிக்காரர் வந்தார். லுங்கி நெசவு வீடு. அவருடைய அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், கருமாதிக்கு மாலை போட்டுப் படைக்க வீட்டில் ஒரு போட்டோ கிடையாது. "வரைஞ்சு குடுப்பீங்களாமே?" என்றார். அண்ணாவுக்குக் கரிப் பென்சிலில் வரைய வரும். ஆனால் எதையாவது பார்த்துத்தான் வரைவார். பார்க்காமல் அவருக்கு ஒரு காது கூட வராது. அது எனக்குத் தெரியும். "வரைஞ்சிடலாம், ஒக்காருங்க. எப்பிடி இருப்பாரு?" என்றார் மனுஷர்.

"மீசை இருக்கும். அகலமான நெத்தி. நாம எங்க போனாலும் அவரு கண்ணு நம்ம மேலயே இருக்கும். சிரிக்கிறாரா மொறைக்கிறாரான்னே தெரியாது."

அண்ணா மெதுவாகத் தலையைத் தூக்கிக் கல்லாவுக்கு மேலே பார்த்தார். நானும் பார்த்தேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. தொப்பி தலைப்பாகை ஆனது. கழுத்து இடியாப்பம் அங்கவஸ்திரம் ஆனது. சிவந்த கன்னத்தைக் கரியால் கறுப்பாக்கி, நெற்றியில் மூன்று கோடு திருநீறு போட்டார். முகம் மட்டும் கண், மூக்கு, உதடோடு அப்படியே ஒல்லாந்துக்காரன். படத்தை வாங்க வந்த அன்று அந்தக் கிழவரின் பெண்டாட்டியும் கூட வந்திருந்தாள். கண்ணாடியைத் தொட்டுப் பார்த்து, "ஐயோ, அப்பிடியே பேசற மாதிரி இருக்காரே!" என்று வாய்விட்டு அழுதாள். மகனும் அழுதார். இவரும் சேர்ந்து அழுதார். பலகைக்கு இந்தப் பக்கம் நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

பேச்சு பரவியது. போட்டோ இல்லாமல் செத்தவர்கள் நம் பக்கத்தில் கொஞ்சமா? பேரணாம்பட்டிலிருந்து வந்தார்கள், வாணியம்பாடியிலிருந்து வந்தார்கள். ஒல்லாந்துக்காரனுக்கு ஒரு வீட்டில் நாமம், ஒரு வீட்டில் சிலுவைச் சங்கிலி, ஒரு வீட்டில் மிலிட்டரி மீசை. ஒருத்தரும் 'இது எங்க ஆளு இல்ல' என்று திருப்பிக் கொண்டுவரவில்லை. ஒரே ஒரு மருமகன் மட்டும் "மாமாவுக்குப் பூனைக்கண்ணா இருந்துச்சு?" என்று கேட்டு, மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். செத்தவர்களுக்கு எந்த முகம் இருந்தால் என்ன, அழுகிறவர்களுக்கு ஆறுதல் கிடைத்ததே என்று எனக்கும் ஒரு மாதிரி மனசு பழகிப்போனது.

பிறகுதான் அந்த அம்மா வந்தாள்.

எங்கள் தெருக்காரிதான். பீடி சுற்றிப் பிழைக்கிறவள். புருஷன் கிடையாது. ஒரே மகன் சேகர், டேனரியில் தோல் ஊறுகிற சுண்ணாம்புக் குழியில் வேலை. மீசை அரும்பின வயசு. இனிமேல் குழியில் இறங்க மாட்டேன் என்று ஒருநாள் மல்லுக்கு நின்றான். "எறங்கலன்னா எங்கனா போய்த் தொலை" என்று இவள் ஆத்திரத்தில் சொல்லிவிட்டாள். போய்விட்டான். ரயிலேறினதை யாரோ பார்த்திருக்கிறார்கள், எந்தப் பக்கத்து ரயில் என்று தெரியவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினாள். போட்டோ கேட்டார்கள். அவளிடம் ஏது? முந்திப் பிறந்த இரண்டும் கைக்குழந்தையிலேயே போய்விட்டதால், போட்டோ பிடித்தால் ஆயுசு கம்மியாகும் என்று இவனைக் கேமரா முன்னால் நிற்கவே விட்டதில்லை. திருவிழாவில் போட்டோக்காரன் வந்தால் முந்தானையால் அவன் முகத்தை மூடுவாள்.

"தம்பி, எம்புள்ள மூஞ்சிய வரைஞ்சு குடுப்பா. நான் ஊரு ஊரா காட்டிக் கேக்கணும்" என்றாள்.

நான் தைத்துக்கொண்டிருந்ததைப் போட்டுவிட்டு எழுந்து நின்றேன். சொல்லுங்கண்ணா, இந்த ஒருதரம் இல்லைன்னு சொல்லுங்கண்ணா என்று மனசுக்குள் கெஞ்சினேன். இது செத்த ஆள் இல்லையே, தேடுகிற ஆள் ஆயிற்றே.

"ஒக்காருக்கா, வரைஞ்சிடலாம்" என்றார்.

பாவம், முதலில் நிஜமாகவே முயற்சி செய்தார். சேகரை அவருக்கும் தெரியும், பஜாரில் பார்த்திருக்கிறார். அவள் சொல்லச் சொல்ல வரைந்தார், அழித்தார், வரைந்தார். பரங்கிக்காய்க்குக் கண் வைத்த மாதிரி வந்தது. அவள் ஒவ்வொரு நாளும் வந்து உட்கார்ந்து, "இது இல்லப்பா... இது இல்லப்பா..." என்று ஓய்ந்து போனாள். ஒருநாள் வாத்தியார் பேப்பரை மடித்துவிட்டு, யார் கேட்டார்களோ, ஒல்லாந்துக்காரன் கதையை மறுபடி ஆரம்பித்தார். பஞ்சம் வந்தபோது அவர்கள் துணியை மட்டும் ஏற்றவில்லையாம். பழவேற்காட்டிலிருந்து ஆட்களையும் அடிமையாக வாங்கிக் கப்பலில் ஏற்றி, கடலுக்கு அப்பால் கொண்டுபோனார்களாம்.

அந்த அம்மா நிமிர்ந்தாள். "ஆளுங்களையா? வயசுப் பசங்களையா?"

"வயசுப் பசங்களையும்தாம்மா."

"அவங்க ஆத்தாளுங்க இன்னா பண்ணாங்க?"

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது புஸ்தகத்துல இல்லம்மா."

அவள் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்று அவள் எழுந்துபோன முதுகை அண்ணாவும் பார்த்தார். அதற்கு மறுநாள் படம் தயாராகிவிட்டது. தொப்பி இருந்த இடத்தில் சுருள்முடி. மீசை அரும்பு மீசை. கழுத்து இடியாப்பம் இந்தத் தடவை, அப்போது நம் பையன்கள் போட்டுத் திரிந்தார்களே, நாய்க்காது மாதிரி பெரிய காலர், அந்தச் சட்டை. அவள் வாங்கினாள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. அப்புறம் படத்தை முகத்தோடு வைத்துக்கொண்டு, "வந்துட்டான் பாரு, மொறைக்கிறான் பாரு" என்றாள்.

அன்று சாயங்காலம் அவரைப் பிடித்துக்கொண்டேன். "உங்களுக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா? அந்தம்மா ஒல்லாந்துக்காரன காட்டி சேகர தேடப் போவுது."

"போட்டோ இல்லைன்னு போலீசு அனுப்பிட்டான். நானும் இல்லைன்னா அந்தம்மா கையில இன்னா இருக்கும், சொல்லு?"

அதுதான் அந்த ஆளிடம் இருக்கிற சங்கடம். தப்பைச் செய்துவிட்டு நம் வாயை அடைத்துவிடுவார்.

அவள் தேடின தேடல் எந்தச் சத்துருவுக்கும் வரக்கூடாது. வாரத்துக்கு ஒருநாள் பீடிக்கட்டை ஒப்படைத்துவிட்டு ரயிலேறுவாள். ஜோலார்பேட்டை, காட்பாடி, அரக்கோணம். பிளாட்பாரத்தில் நின்று, இறங்குகிறவன் ஏறுகிறவன் எல்லார் முகத்துக்கு நேரேயும் படத்தை நீட்டுவாள். "இவன பாத்தீங்களா? சேகருன்னு பேரு." சில பேர் பார்ப்பார்கள், சில பேர் பிச்சைக்காரி என்று சில்லறை போடுவார்கள். சில்லறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி கேட்பாள். எமர்ஜென்சி வந்தது, போனது, ஆட்சி மாறியது, நாய்க்காது காலர் கூட மலையேறிவிட்டது. அவள் மட்டும் அந்தப் படத்தோடு போவாள், அந்தப் படத்தோடு வருவாள். வரும்போது எங்கள் கடை வாசலில் நின்று தண்ணீர் குடிப்பாள். அவள் தலை தெரிந்தாலே அண்ணா அடிக்கிற ஆணி வளையும்.

இரண்டு மூன்று தரம் கெஞ்சிப் பார்த்தார். "அக்கா, அந்தப் படத்தக் குடேன். கண்ணு கொஞ்சம் சரியில்ல, திருத்தித் தர்றேன்."

"தொடாதப்பா. எம்புள்ள கண்ணு எனக்குத் தெரியாதா?" என்று மார்போடு அணைத்துக்கொள்வாள்.

கல்லாவுக்கு மேலே இருந்த படத்தை அவர் கழற்றிவிடப் பார்த்ததும் உண்டு. சுவரில் அது இருந்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. அதையும் பார்க்க முடியாமல் திரும்ப மாட்டிவிட்டார். எனக்கு ராத்திரி தூக்கம் வராத நாட்கள் உண்டு. அவருக்கு வந்திருக்கவே முடியாது, கண்ணைப் பார்த்தாலே தெரியும்.

எண்பதுகளில் ஒரு கார்த்திகை மாசம். மத்தியானம் மழை விட்டிருந்தது. குடியாத்தம் தறிக்காரர், லுங்கியில் சுற்றின ஒரு படத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு புயல் மாதிரி வந்தார். அவருக்குப் பின்னால் தலைவிரி கோலமாக அந்த அம்மா.

நடந்தது இதுதான். குடியாத்தம் பஸ் ஸ்டாண்டில் படத்தைக் காட்டியிருக்கிறாள். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒரு பெண்பிள்ளை, "இந்த மூஞ்சிய எனக்குத் தெரியுமே! எங்க தெருவுல ஒரு வூட்டுல பாத்திருக்கேன்" என்றிருக்கிறாள். இவள் ஓடியிருக்கிறாள். அந்த வீட்டுக் கூடத்தில் சேகர் இருந்தான். தலைப்பாகை கட்டி, திருநீறு பூசி, மாலை போட்டு, சிவப்பு பல்பு எரிய.

"எம்புள்ளைய கொன்னு மாலை போட்டு வச்சிருக்காங்க, தம்பி! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல!" அவள் அலறினதில் பஜார் கூடிவிட்டது.

தறிக்காரர் இரண்டு படத்தையும் கல்லாப் பெட்டி மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இது எங்கப்பா. இது இந்தம்மா புள்ளையாம். இன்னாங்க இது? எங்கப்பனுக்கும் இந்தப் பையனுக்கும் ஒரே மூஞ்சியா? எங்கூட்டுல எங்கப்பாவைப் பத்தி இன்னா பேச்சு பேசறாங்க தெரியுமா?"

கூட்டத்தில் எவனோ சிரித்துவிட்டான். அதற்குள் ஒருத்தன் மேலே பார்த்துவிட்டான். அவனைப் பார்த்து இன்னொருத்தன். கடைசியில் எல்லா முகமும் கல்லாவுக்கு மேலே திரும்பிவிட்டது. அங்கே தொப்பியும் இடியாப்பமுமாக அவன் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

அண்ணா எழுந்து நின்றார். "அக்கா... செத்தது சேகர் இல்லக்கா. அது சேகர் இல்ல. உன் கையில இருக்கறதும் சேகர் இல்ல. எனக்கு மூஞ்சி வராது. இவனத்தான் பாத்துப் பாத்துப் போட்டேன்."

தறிக்காரர் கையை ஓங்கிவிட்டார். ஓங்கின கை அப்படியே நின்றது. தன் அப்பா படத்தை ஒருதரம் பார்த்தார். "எங்கம்மா சாவற வரைக்கும் இவருகிட்டதான் பேசிக்கினு இருந்துச்சு" என்றார். "யாரா இருந்தா இன்னா, எங்கூட்டுல ஒருத்தராயிட்டாரு." லுங்கியில் பத்திரமாகச் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அந்த அம்மா முதலில் சிரித்தாள். சத்தியமாகச் சிரித்தாள். அண்ணாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அப்ப எம்புள்ள சாவல இல்ல? உசுரோட இருக்கான் இல்ல?" என்றாள். அப்புறம்தான் கையிலிருந்த படத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். "அப்ப இத்தினி வருஷமா நான் யாரக் காட்டிக்கினு திரிஞ்சேன்? எம்புள்ள எனக்கு எதுக்கவே வந்து போயிருந்தா கூட..."

அண்ணா அவள் காலில் விழப் போனார். அவள் தடுத்துவிட்டாள். திட்டினாளா, ஒரு வார்த்தை கிடையாது. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அழுவாத. பென்சில எடு. இப்ப நல்லா சொல்றேன், நல்லா வரை" என்றாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு புதுத் தாள் எடுத்து வைத்தார். அவள் கண்ணை மூடினாள்.

நாங்கள் காத்திருந்தோம். கூட்டம் ஒவ்வொருவராய்க் கரைந்துபோனது. அவள் வாயைத் திறப்பாள், மூடுவாள். நெற்றியைச் சுருக்குவாள். கைவிரலால் காற்றில் ஒரு மூக்கைத் தடவிப் பார்த்தாள். அண்ணாவின் பென்சில் தாளைத் தொடாமல் நின்றது.

கண்ணைத் திறந்தபோது அவள் முகத்தில் நான் பார்த்த பயத்தை மகன் காணாமல் போன அன்று கூடப் பார்க்கவில்லை. "அவன்தான் வர்றான் தம்பி" என்றாள். "கண்ண மூடினா அந்த ஒல்லாந்துக்காரன்தான் வந்து நிக்கிறான். எம்புள்ளைய வுட மாட்டேங்கறான்."

அண்ணாவைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். என் பக்கம் திரும்பினாள். "பாப்பா, நீ பாத்திருக்கியே. தெனம் உன் கடை வாசல்ல போவானே. நீ சொல்லுடி, எம்புள்ள எப்பிடி இருப்பான்?"

நானும் கண்ணை மூடினேன். அத்தனை வருஷம் அவள் எங்கள் முன்னால் நீட்டின படம்தான் வந்தது. அதைத் தள்ளிவிட்டுத் தேடினேன். "உன் புள்ளைக்கு ஒரு சட்டை தெச்சுக் குடுத்தேன்கா. சுண்ணாம்புல வெந்த கை வெளிய தெரியக் கூடாது, கை நீளமா வைங்கக்கானு கேட்டான். மணிக்கட்டையும் தாண்டி வச்சேன்" என்றேன்.

"அது சட்டைடி" என்றாள். "மூஞ்சியச் சொல்லு."